ஸ்டியரிங் இல்லாத வண்டி

1965இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 'த ரயில்ராடர்' என்றொரு குறும்படத்தை வெளியிட்டது. நோக்கம் ரொம்பச் சாதாரணமானது: எங்கள் நாடு எவ்வளவு பெரியது, எவ்வளவு அழகானது, வந்து பாருங்கள். அரசு அமைப்புகள் எடுக்கும் இந்த மாதிரிப் படங்களின் ஆயுள் வழக்கமாக ஒன்றிரண்டு வருடம்தான். இதை மட்டும் அறுபது வருடம் கழித்தும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள். இரண்டு காரணங்கள். ஒன்று, அதில் நடித்திருப்பவர் பஸ்டர் கீட்டன். இன்னொன்று, அவர் ஏறி உட்காரும் வண்டி.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. லண்டனில் ஒருவர் செய்தித்தாளில் கனடாவைப் பார்க்க அழைக்கும் விளம்பரத்தைப் பார்க்கிறார். பாலத்தின் மேலிருந்து தேம்ஸ் நதிக்குள் குதிக்கிறார். கனடாவின் அட்லாண்டிக் கரையில் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறார். அங்கே தண்டவாளத்தில் ஒரு குட்டி மோட்டார் வண்டி சும்மா நிற்கிறது. ஏறி உட்காருகிறார், அது பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. அவ்வளவுதான். கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல்வரை ஒரு நாட்டை சுமார் 25 நிமிடத்தில் கடந்துவிடுகிறார். வண்ணப்படம், ஆனால் வசனமில்லை. எல்டன் ராத்பர்னின் இசையும் எஞ்சின் சத்தமும்தான் துணை.

அந்த வண்டியை வட அமெரிக்காவில் 'ஸ்பீடர்' என்பார்கள். பெயரில்தான் வேகம். நம்மூர் ரயில்வேயில் மோட்டார் ட்ராலி என்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். பாதையைப் பார்வையிடவும், கழன்ற போல்ட்டை முடுக்கவும், ஸ்லீப்பர் கட்டைகளை மாற்றவும் தொழிலாளர்களைக் கொண்டுபோய் இறக்குகிற வண்டி. முதலில் கையால் நெம்பி ஓட்டுகிற வண்டிகள் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றுக்குப் பெட்ரோல் எஞ்சின் வந்தது. மின்னசோட்டா மாநிலத்தின் ஃபேர்மாண்ட் என்ற சின்ன ஊரில் இருந்த கம்பெனி, ஊர்ப் பெயரிலேயே இவற்றைச் செய்து கண்டமெங்கும் விற்றது. பிறகு, ரோட்டில் ரப்பர் டயரிலும் தேவைப்பட்டால் இரும்புச் சக்கரங்களை இறக்கித் தண்டவாளத்திலும் ஓடுகிற லாரிகள் வந்தன. ஸ்பீடருக்கு வேலை போய்விட்டது.

வேலை போன வண்டிகளை ரயில்வே கம்பெனிகள் கழித்துக்கட்டியபோது வாங்கிக்கொண்டவர்கள் சிலர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள், மெக்கானிக்குகள், பழைய இயந்திரப் பித்துப் பிடித்தவர்கள். துருவைச் சுரண்டி, எஞ்சினைப் பிரித்துக் கோத்து, அந்தந்தக் கம்பெனியின் பழைய நிறத்திலேயே பெயின்ட் அடித்து, இன்றும் ஓட்டுகிறார்கள். இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது. கைவிட்ட பாதை மாதிரித் தெரிந்தாலும் அது யாருக்கோ சொந்தம், அத்துமீறினால் குற்றம். ரயில்வே கம்பெனியிடம் அனுமதி வாங்கி, காப்பீடு எடுத்து, விதிகளைப் படித்துத் தேர்வு எழுதி, அனுபவசாலி ஒருவரோடு பழகி, அதன் பிறகுதான் கூட்டத்தோடு வரிசையாகப் போகலாம். இந்த வண்டிகளின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே மின்சாரம் பாயாதபடி காப்பு போட்டிருப்பார்கள். அதனால் சிக்னலின் கண்ணுக்கு இவை தெரியாது. லெவல் கிராசிங்கில் கேட் தானாக மூடாது. ஒருவர் இறங்கிப்போய்க் கொடி காட்டி கார்களை நிறுத்த வேண்டும். பாதை முடிகிற இடத்தில் வண்டியைத் தூக்கி, சுழற்றி, வந்த திசைக்கே திருப்பி வைக்க வேண்டும். பொழுதுபோக்கு என்கிறோம். பார்த்தால் பாதி வேலை.

இத்தனை பாடுபட்டு எதற்காக? வேகத்துக்காக இருக்க முடியாது. நகரத்து ஸ்கூட்டர் வேகம்தான். சௌகரியத்துக்காகவும் இல்லை, உட்கார ஒரு பலகை, காதுக்குப் பக்கத்தில் எஞ்சின். இந்த வண்டியில் ஸ்டியரிங் கிடையாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேகம் உங்கள் கையில், பிரேக் உங்கள் கையில், திசை மட்டும் உங்கள் கையில் இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ சங்கிலி பிடித்து அளந்து, மலையைக் குடைந்து, ஆற்றைத் தாண்டிப் போட்டுவிட்டுப் போன முடிவின் மேல் நீங்கள் ஓடுகிறீர்கள். காரில் போகிறவர் சாலையைப் பார்த்தாக வேண்டும். ரயிலில் போகிறவருக்கு முன்னால் வருவது தெரியாது, ஜன்னலோரம் மட்டும்தான். ஸ்பீடரில் போகிறவருக்கு எதிரே வரும் முழு உலகமும் தெரியும், ஆனால் அதை விட்டு விலக வழியில்லை.

இந்த நிலைமைக்கு கீட்டனைவிடப் பொருத்தமான மனிதர் சினிமாவில் கிடையாது. அவருடைய மொத்தக் கலையும் இதுதான்: தன்னைவிடப் பெரிய ஒன்று ஒரு திசையில் போய்க்கொண்டிருக்கும், இந்த மனிதர் அதற்குள் தன் சின்ன ஒழுங்கை நிலைநாட்டிக்கொள்வார். 1926இல் எடுத்த 'த ஜெனரல்' படத்தில் களவுபோன எஞ்சினைத் துரத்துகிற அவர், கொஞ்ச தூரம் கையால் நெம்பும் வண்டியிலும் போவார். நாற்பது வருடத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட அதே மாதிரி வண்டிக்கு மறுபடி வந்து சேர்கிறார். இந்த முறை துரத்த எதுவுமில்லை.

'த ரயில்ராடர்' வண்டியின் முன்னால் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள்ளிருந்து என்ன வேண்டுமானாலும் வரும். தேநீர்க் கோப்பைகள் வரும், கம்பளிக் கோட்டு வரும், சமைக்கப் பாத்திரம் வரும். துணி துவைத்துக் காயப்போடுவார். வாத்து வேட்டைக்காக வண்டி முழுவதையும் இலைதழையால் மூடிக்கொள்வார். அப்போது பார்த்தால், தண்டவாளத்தின் மேல் ஒரு புதர் ஓடுகிறது! பின்னணியில் ராக்கி மலைத்தொடர் நகர்ந்துகொண்டிருக்கும். இவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. நிலக்காட்சியைக் காட்டத்தான் அரசு காசு கொடுத்தது. கீட்டனோ பெரும்பாலும் அதைப் பார்ப்பதே இல்லை. இந்தப் படத்தின் முதல் நகைச்சுவை இதுதான். சுற்றுலா விளம்பரத்தில் நடிக்க வந்தவர் சுற்றிப் பார்க்காமல் குடித்தனம் நடத்துகிறார்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது அழகான ஒரு சின்னப் படம், அவ்வளவுதான். ஆனால் படப்பிடிப்பு நடந்தபோதே ஜான் ஸ்பாட்டன் இன்னொரு படம் எடுத்தார். 'பஸ்டர் கீட்டன் ரைட்ஸ் அகெய்ன்', கறுப்புவெள்ளை ஆவணப்படம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் படம் மறைத்ததையெல்லாம் இது காட்டுகிறது. இருமுகிற கிழவர். மனைவி எலினோர். ஊர் ஊராக வந்து பார்க்கும் ஜனம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சண்டை.

உயரமான ஒரு ரயில் பாலம். வண்டி அதைக் கடக்கும்போது, மடிப்பு விரிந்த பெரிய வரைபடம் கீட்டனைச் சுற்றிக்கொள்ள, அவர் அதோடு மல்லாட வேண்டும் என்பது யோசனை. இயக்குநர் ஜெரால்ட் பாட்டர்டனுக்குப் பயம். இளைஞர், கீட்டன் மேல் பெரும் மரியாதை உள்ளவர். பாலத்தில் வேண்டாம், ஆபத்து என்கிறார். கீட்டனுக்குக் கோபம் வருகிறது. அவருடைய வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: பாலம் நகைச்சுவை கிடையாது, வரைபடத்தோடு போராடுகிற மனிதன்தான் நகைச்சுவை. பாலம் கீழே இருப்பதால் பார்ப்பவனுக்கு நெஞ்சு படபடக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் காட்சி. கடைசியில் அவர் சொன்னபடியே எடுக்கிறார்கள். படத்தில் நாம் பார்ப்பது அதைத்தான்.

அப்போது அவருக்கு 69 வயது. 1928இல் எம்.ஜி.எம். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, தன் படங்களின் மேல் இருந்த அதிகாரத்தை இழந்தவர். குடியில் விழுந்து எழுந்தவர். மற்றவர்களின் படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதிப் பிழைத்தவர். அறுபதுகளில் உலகம் அவரை மறுபடி கண்டுபிடித்துக் கொண்டாட ஆரம்பித்திருந்தது. அந்தக் கொண்டாட்டத்தில் இருக்கிற ஆபத்தை இந்தச் சண்டை துல்லியமாகக் காட்டுகிறது. பாட்டர்டனின் பயத்தில் அன்பு இருக்கிறது. ஆனால் அது பொன்னாடை போர்த்துகிற அன்பு. ஐயா, நீங்க சும்மா உட்காருங்க, நீங்க வந்ததே எங்களுக்குப் பெருமை. நம் ஊர் இலக்கிய மேடைகளில் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! மூத்த எழுத்தாளருக்குச் சால்வை, மாலை, நினைவுப்பரிசு. அவருடைய கடைசிப் புத்தகத்தைப் பற்றி ஒரு கடுமையான கேள்வி கேட்க மேடையில் ஒருவரும் இருக்க மாட்டார். மரியாதை கொடுத்தே ஆளை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறோம்.

ஸ்பீடர்க்காரர்கள் இந்த இடத்தில் நமக்குக் கற்றுத்தர ஏதோ வைத்திருக்கிறார்கள். அவர்கள் நினைத்தால் வண்டியைப் பளபளவென்று துடைத்து முற்றத்தில் நிறுத்தியிருக்கலாம். ஓட்டுகிறார்கள். ஓட்டினால் தேயும், பெல்ட் அறும், நடுக்காட்டில் நிற்கும். அதனால்தான் அத்தனை விதிகள், தேர்வுகள், கொடிகள். அவர்களுடைய அக்கறை வண்டியை ஆபத்திலிருந்து விலக்கி வைப்பதில் இல்லை. ஓடுவதற்கான நிலைமைகளை உண்டாக்கித் தருவதில் இருக்கிறது. என் துறையில் பழைய மென்பொருளை 'லெகசி' என்போம். தொடப் பயந்து, சுற்றிச் சுவர் எழுப்பி, புரியாமலே வணங்கிக்கொண்டிருப்போம். அதைப் பிரித்துப் படித்து ஓடவைக்கிற ஆள் குழுவில் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். அந்த ஆளுக்குத்தான் பழையதன் மேல் உண்மையான மதிப்பு இருக்கிறது.

இவ்வளவு பிடித்த படத்தின் மேல் எனக்கு ஒரு வழக்கும் உண்டு. அந்த வண்டி யாருடையது? யாரோ ஒரு பாதைத் தொழிலாளி நிறுத்திவிட்டுப் போன வண்டி அது. அவன் அன்றைக்கு எப்படி வேலைக்குப் போனான்? படம் அவனை மறந்துவிடுகிறது. தமிழ் வாசகருக்கு இது உறுத்தாமல் போகாது. நம் ரயில் பாதைகளில் ட்ராலி என்றால் நினைவுக்கு வருவது குடையின் கீழ் உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டரும், தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளிவிட்டு லாவகமாகத் தாவி ஏறிக்கொள்ளும் ட்ராலிமேன்களும்தான். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, தானாக நகரும் வண்டி என்பது பாதிக் கதைதான். ஒரு கருவி பொழுதுபோக்காக மாறும்போது முதலில் காணாமல் போவது அதை வைத்து வயிறு வளர்த்தவன்.

அதேபோலத்தான் படத்தின் முடிவும். பசிஃபிக் கரையில் கீட்டன் இறங்கிக் கடலைப் பார்க்கிறார். கடலுக்குள்ளிருந்து கனவான் உடையில் ஜப்பானியர் ஒருவர் எழுந்து வருகிறார்; வண்டியில் ஏறிக் கிழக்கே போய்விடுகிறார். முதல் காட்சியின் கண்ணாடிப் பிம்பம், கச்சிதமான நகைச்சுவை. ஆனால் அந்தக் கரை பிரிட்டிஷ் கொலம்பியா. 1942இல் கனடா அரசு அதே கரையிலிருந்து ஏறக்குறைய 22,000 ஜப்பானிய வம்சாவளியினரை, பெரும்பாலும் கனடாக் குடிமக்களை, வீடுவாசலைப் பிடுங்கிக்கொண்டு வெளியேற்றியது. 1949இல்தான் திரும்பி வர அனுமதித்தது. படம் எடுக்கப்பட்டபோது அது வெறும் பதினைந்து வருடத்துப் பழைய கதை. கரையில் இறங்கி, தடையின்றி, விரும்பிய திசையில் போகிற ஜப்பானியர் என்பது விளம்பரப் படத்துக்கு ஒரு சிரிப்பு. அந்தக் கரையின் ஞாபகத்துக்கு அது வேறு. கீட்டனும் பாட்டர்டனும் இதை நினைத்திருக்க வாய்ப்பில்லை. கண்ணுக்கெட்டியவரை காலியான நாடு என்று காட்டும் சட்டகத்துக்குள் இந்த ஞாபகத்துக்கு இடமில்லை, அவ்வளவுதான். அந்த வெளி யாரும் இல்லாத வெளியாக என்றைக்கும் இருந்ததில்லை. தண்டவாளம் போட்டவர்கள், அதற்காக நிலத்தை இழந்தவர்கள், அதில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் என எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள்.

இந்தக் குறைகள் படத்தைக் கீழே தள்ளவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கீட்டன் அந்த வண்டியில் வெறும் பயணியாக உட்காரவில்லை. துடைக்கிறார், சமைக்கிறார், மடிக்கிறார், எடுத்ததை அதே இடத்தில் வைக்கிறார். வேலை செய்கிற கைகள் அவை. ஸ்கிரிப்ட் மறந்த தொழிலாளியை அந்தக் கைகள் அரைகுறையாகவாவது ஞாபகம் வைத்திருக்கின்றன.

இரண்டு படங்களும் தேசியத் திரைப்பட வாரியத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வண்ணப்படத்தை முதலில் பாருங்கள், பிறகு ஆவணப்படம், பிறகு மறுபடி வண்ணப்படம். இரண்டாவது முறை அந்தப் பாலம் வரும்போது நமக்குத் தெரிந்திருக்கும், வரைபடத்துக்குள் சிக்கித் தவிக்கிற இந்த மனிதர் அந்தத் தவிப்புக்காகச் சண்டை போட்டு ஜெயித்தவர் என்று. 1966 பிப்ரவரியில் கீட்டன் இறந்துபோனார். படத்தில் அவர் வண்டி பறிபோனதும் கொஞ்சம் நின்று பார்க்கிறார். பிறகு தண்டவாளத்தின் மேலேயே, வந்த வழியாக, நடக்க ஆரம்பிக்கிறார்.