தாவர வினையூக்கிகள் - ஒரு திறனாய்வு

வினையூக்கி வினையை விரைவுபடுத்தும். தான் செலவாகாது என்று பாடநூல் கூறுகிறது. ஆலையில் நிலைமை வேறு. மருந்துகளும் சாயங்களும் செய்யப் பயன்படும் பல்லேடியம், நிக்கல், துத்தநாகம் முதலிய உலோகங்கள் நாளடைவில் செயலிழக்கின்றன. சிறிது சிறிதாகக் கழிவுநீரிலும் கலக்கின்றன. ஆகவே, 'தாவர வினையூக்கி: சூழலுக்குத் தீங்கற்றது, மீண்டும் மீண்டும் பயன்படுவது' என்ற செய்தி கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதியில் வாழ்வோருக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. அது எவ்வளவு தூரம் உண்மை என்று ஆராய்வோம்.

இப்பெயரில் இருவேறு முறைகள் வழங்குகின்றன. 2004-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு தங்கம், வெள்ளி ஆகியவற்றின் நுண்துகள்களை உண்டாக்கினர். நல்ல ஆய்வு அது. அதன்பின் பற்பல இலைகளைக் கொண்டு இத்தகைய ஆய்வுகள் பெருகின. இங்கு இலைச்சாறு செய்யும் வேலை, உலோக அயனியை ஒடுக்குவதும் துகள்கள் ஒன்றுசேர்ந்து திரளாமல் காப்பதுமே. உலோகம் இலையிலிருந்து வரவில்லை. புட்டியில் வாங்கிய உப்பிலிருந்து வருகிறது!

மற்றது பிரான்சு நாட்டு வேதியியலார் கிளோட் கிரிசோன் அம்மையார் வளர்த்த முறை. சில செடிகள் சுரங்க மண்ணிலுள்ள உலோகத்தை உறிஞ்சி இலைகளில் சேர்த்து வைக்கின்றன. நியூ கலிடோனியத் தீவில் ஒரு மரத்தின் பாலை உலர்த்தினால், எடையில் ஏறத்தாழ கால் பங்கு நிக்கல் இருப்பதாக 1976-இல் கண்டனர். இத்தகைய செடிகளின் இலைகளைச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, கிடைக்கும் உலோகக் குளோரைடுகளைக் களிமண் போன்ற தாங்கியில் ஏற்றினால் வினையூக்கி கிடைக்கிறது. இதற்காக ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2022-இல் அவருக்குக் கண்டுபிடிப்பாளர் விருது அளித்தது. மண்ணும் தூய்மையாகிறது, உலோகமும் பயன்படுகிறது. இந்தப் பெருமையை முதல் முறைக்கும் சேர்த்துத் தருவது பொருந்தாது. இரண்டாம் முறைக்கும் செலவு உண்டு. சாம்பலாக்கச் சில நூறு டிகிரி வெப்பம் வேண்டும், அமிலமும் வேண்டும். உலர்ந்த இலையில் 1 சதவீதம் துத்தநாகம் இருந்தால், ஒரு டன் இலையிலிருந்து 10 கிலோவுக்கு மேல் கிடைக்காது.

அடுத்து, 'ஐந்து முறை பயன்படுத்தினோம்; விளைச்சல் குறையவில்லை' என்ற கூற்றைப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் வினையூக்கியின் திறனில் 5 சதவீதம் குறைவதாகக் கொள்ளுங்கள். ஐந்து முறைக்குப்பின் எஞ்சுவது 77 சதவீதம். இருபது முறைக்குப்பின் 36 சதவீதமே. ஆனால் வினையூக்கியைத் தேவைக்கு மேல் இட்டு, நெடுநேரம் காத்திருந்தால் ஐந்து முறையும் வினை முழுமையாகவே முடியும். இழப்பு கண்ணுக்குத் தெரியாது. இறுதி விளைச்சலை மட்டும் பார்ப்பது போதாது. வினை பாதி நடக்கும்போது அதன் வேகத்தை அளக்க வேண்டும். இந்த ஒரு வரைபடம் இல்லாத அறிக்கையை ஐயத்துடனேயே படிக்க வேண்டும்.

உலோகம் கரைந்து வெளியேறுகிறதா என்பது இன்னும் முக்கியமான கேள்வி. 2003-இல் லெட்பீட்டர் குழுவினர் சுசூகி வினையை உலோகமே இன்றி நடத்தியதாக அறிவித்தனர். 2005-இல் அவர்களே மறு ஆய்வு செய்து உண்மையைக் கண்டனர். பயன்படுத்திய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடிக்கு 50 பங்கு என்ற அளவில் பல்லேடியம் மாசாக இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது! அப்படியானால், தாவரத் தாங்கியில் இருக்கும் திண்ம வினையூக்கி வேலை செய்கிறதா, அதிலிருந்து கரைந்த துளி உலோகம் வேலை செய்கிறதா? வினையின் நடுவே சூட்டோடு வடிகட்டி, வடிநீரில் வினை தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிலுள்ள உலோகத்தையும் அளக்க வேண்டும். வாய்வழி மருந்தில் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டு நெறி. ஆகவே இது ஆய்வாளரின் வீண் நுணுக்கம் அன்று. நோயாளியின் உடல்நலம் பற்றியது.

இனி நம் பகுதிக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலைகள் உள்ளன. துத்தநாகம் பூசிய பழைய இரும்பை உருக்கினால் என்ன ஆகும்? இரும்பு 1538 டிகிரி செல்சியசில் உருகும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகித் தூசியில் சேர்ந்துவிடும். வினையூக்கிக்கு உதவும் உலோகம் தொழிற்பகுதியின் கழிவிலேயே இருக்கக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. நம் ஏரிகளை மூடும் வெங்காயத் தாமரையின் வேர் நீரிலுள்ள உலோகங்களைப் பற்றிக்கொள்ளும். அவ்வேரில் பல்லேடியத்தை ஏற்றி, அதையே வினையூக்கியாக மாற்றியும் கிரிசோன் குழுவினர் காட்டியுள்ளனர். நம் மாணவர்கள் புதிதாக இன்னோர் இலையைத் தேடுவதைவிட, கழிவிலிருந்து இவ்வாறு எத்தனை கிராம் உலோகம் மீள்கிறது என்று அளந்தால் பயன் மிகுதி.

உலோகம் எங்கிருந்து வந்தது, எத்தனை முறை உண்மையாக உழைத்தது, இறுதியில் எங்கே போனது? 'பசுமை' என்ற சொல்லைக் காணும்போது இம்மூன்றையும் கேளுங்கள். விடைகள் எண்களாக இருந்தால் நம்பலாம்.