டெக்கமெரான்: ஆபாசம் எது?

காமக் கதைக்கொத்து என்று பட்டம் சூட்டப்பட்டு, கற்றோர் வீட்டு அலமாரியில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட ஏடு ஒன்று உண்டு. இத்தாலி நாட்டு ஜொவான்னி பொக்காச்சியோ எழுதிய டெக்கமெரான் அது. மறைத்துவைத்துப் படித்தோர் உண்டு. படிக்காமலே பழித்தோரும் உண்டு. நாம் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். அதில் ஆபாசம் எது என்று நேராகவே கேட்போம்.

1348ஆம் ஆண்டு. பிளாரன்சு நகரைக் கொள்ளைநோய் சூறையாடிய நேரம். ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் நகரை நீங்கி, நாட்டுப்புற மாளிகையொன்றில் தங்குகின்றனர். கதை சொல்லும் நாளில் ஆளுக்கொரு கதை. பத்து நாளில் நூறு கதை. ஒரு நாள் கண்ணீரில் முடியும் காதல். மறுநாள் இடர் கடந்து கூடும் காதல். இன்னொரு நாள் கணவரை ஏய்க்கும் மனைவியரின் வேடிக்கை. கட்டிலறைக் காட்சிகளும் உண்டு. ஆசிரியர் அதை மறைக்கவில்லை. லத்தீன் மொழி புலவர் அரியணையில் வீற்றிருந்த நாளில், வணிகர் மகனான அவர் பிளாரன்சு மக்களின் பேச்சுமொழியில் எழுதினார். யாருக்காக? தந்தை, தாய், உடன்பிறந்தார், கணவர் ஆகியோரின் ஆணைக்குள் அடங்கி, அறைக்குள் அடைபட்டு, காதலை நெஞ்சிலேயே பூட்டிவைத்து வாடும் பெண்களுக்காக! அவர் தம் முன்னுரையில் தரும் விளக்கம் இதுதான்.

நான்காம் நாளின் முதற்கதையைப் பாருங்கள். சலேர்னோ நகர மன்னன் தாங்கிரேதி. அவன் மகள் கிஸ்மோந்தா இளமையிலேயே கைம்பெண் ஆகித் தந்தை வீடு திரும்பியவள். மறுமணம் செய்துவைக்க அவனுக்கு மனமில்லை. அவளே தேர்ந்துகொள்கிறாள், குவிஸ்கார்தோவை. அவன் அரண்மனைப் பணியாள். பிறப்பால் எளியவன், பண்பால் உயர்ந்தவன். கண்டுபிடித்த தந்தை கொதிக்கிறான். அவளோ அழவில்லை, மன்றாடவில்லை, வாதாடுகிறாள். நானும் உன்னைப்போல் தசையால் ஆனவள், கல்லால் ஆனவள் அல்ல என்கிறாள். மனிதர் அனைவரும் ஒரே தசையினர். உயர்வும் தாழ்வும் நடத்தையால் வருமேயன்றிப் பிறப்பால் அல்ல என்கிறாள். பதில் சொல்ல வகையற்ற தந்தை, அந்த இளைஞனைக் கொல்வித்து, அவன் இதயத்தைப் பொற்கிண்ணத்தில் வைத்து மகளுக்கு அனுப்புகிறான். அவள் அதில் நஞ்சு வார்த்துக் குடித்து மடிகிறாள்.

அதே நாளில் மெசினா நகரத்து லிசபெத்தாவின் கதையும் வருகிறது. தங்கை தம் வணிகப் பணியாளைக் காதலித்தாள் என்று அறிந்த அண்ணன்மார் மூவர், அவனை ஊருக்கு வெளியே அழைத்துச் சென்று கொல்கின்றனர். அவன் தலையைத் திருநீற்றுப்பச்சைச் செடியின் தொட்டியில் புதைத்துக் கண்ணீரால் வளர்க்கிறாள் அவள். அதையும் பறித்துக்கொள்கிறார்கள்! குடும்ப மானம் என்ற பெயரால் நடந்த கொலைகள் இவை. இக்கதைகளைப் படித்துவிட்டு, காதலர் கூடியதை ஆபாசம் என்பதா, கொன்றதை ஆபாசம் என்பதா?

ஆறாம் நாளில் வரும் பிலிப்பா சிரிக்க வைக்கிறாள். பிராத்தோ நகரச் சட்டப்படி, காதலனோடு பிடிபட்ட மனைவியைத் தீயிலிட வேண்டும். நீதிமன்றத்தில் அவள் குற்றத்தை மறுக்கவில்லை. சட்டத்தையே கூண்டில் ஏற்றுகிறாள். சட்டம் என்பது அதற்குக் கட்டுப்படுவோரின் ஒப்புதலோடு பிறக்க வேண்டும். பெண்களை மட்டும் சுடும் இச்சட்டத்தை இயற்றியபோது எந்தப் பெண்ணைக் கேட்டீர்கள் என்கிறாள். ஊரே ஆரவாரிக்கிறது, சட்டம் திருத்தப்படுகிறது. கதையில்தான்! மனைவியின் பிறழ்வை மட்டும் தனிக் குற்றமாக்கித் தண்டித்த இத்தாலியச் சட்டப்பிரிவை அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் நீக்கியது 1968இல். மானத்தைக் காக்கக் கொன்றேன் என்போருக்குத் தண்டனையைக் குறைத்த பிரிவு ஒழிந்தது 1981இல். பிலிப்பாவின் கேள்வி ஆறு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

ஒழுக்கக் காவலர் இந்த ஏட்டை என்ன செய்தனர்? 1559இல் போப்பாண்டவரின் தடைநூற் பட்டியலில் இது இடம்பெற்றது. 1573இல் பிளாரன்சில் திருத்திய பதிப்பொன்று திருச்சபையின் இசைவோடு வெளிவந்தது. திருத்தியது எதை? படுக்கையறைக் காட்சிகள் பெரும்பாலும் அப்படியே நின்றன! துறவியரும் பாதிரியாரும் கன்னிமாடத்தாரும் வந்த இடங்களில் மட்டும் இல்லறத்தார் நுழைக்கப்பட்டனர். கட்டில் இருக்கலாம், அங்கி மட்டும் தெரியக்கூடாது. ஆபாசம் என்ற சொல் எதைக் காக்கப் பிறந்த சொல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1954இல்கூட இங்கிலாந்தின் சுவிண்டன் நகர நடுவர்கள் இந்நூலை அழிக்க ஆணையிட்டனர். மேல்முறையீட்டில் அவ்வாணை வீழ்ந்தது.

குறையே இல்லாத நூல் என்று நாம் கொண்டாட வரவில்லை. ஒன்பதாம் நாளில் அடங்காத மனைவியைத் தடியால் திருத்தச் சொல்லும் கதையொன்று உண்டு. அதைப் பெண்ணின் வாயாலேயே சொல்லவைத்தது கொடுமை. நூறாவது கதையில், பிள்ளைகளைப் பறித்து, வீட்டைவிட்டுத் துரத்தி, மனைவி கிரிசெல்தாவின் பொறுமையைச் சோதிக்கிறான் ஒரு பிரபு. கதை சொல்பவனே அதை விலங்குத்தனம் என்கிறான். ஆனால் பேரறிஞர் பெத்ரார்க்கா 1373இல் நூறு கதைகளுள் இந்த ஒன்றையே தேர்ந்து, கீழ்ப்படிதலின் இலக்கணமாக லத்தீனில் ஆக்கினார். வாதாடிய கிஸ்மோந்தா அவருக்குத் தேவைப்படவில்லை. வாய்மூடிய கிரிசெல்தா தேவைப்பட்டாள்! அதே ஆண்டில் பொக்காச்சியோவும் தளர்ந்து, தம் வீட்டுப் பெண்களை இந்நூலைப் படிக்கவிட வேண்டாமென்று நண்பருக்கு எழுதினார். யாருக்காக எழுதினாரோ அவர்களிடமிருந்தே நூலை மறைக்கச் சொன்னார். வருந்துகிறோம், ஆனால் எழுதியவர் அஞ்சினார் என்பதற்காக எழுத்து பொய்யாகிவிடாது.

தோழர்களே! இன்றும் காதற்கதைத் தொகுப்புகள் கடைதோறும் குவிகின்றன. துப்பறியும் காதல், பேய்க் காதல், அரண்மனைக் காதல் என்று வகைவகையாய். அவற்றை எடைபோட முத்தங்களை எண்ண வேண்டியதில்லை. அவளுக்கு விருப்பம் என ஒன்று உண்டா? வேண்டும் என்று அவள் சொல்ல முடிகிறதா? வேண்டாம் என்றால் அது நிற்கிறதா? பிறப்பைக் கேட்காமல் தேர்ந்தெடுக்க அவளுக்கு உரிமை உண்டா? இவற்றுக்கு ஆம் என்று விடை தரும் கதை, எவ்வளவு சூடாக இருந்தாலும் தூயதே. இல்லை என்று சொல்லும் கதை, ஒரு முத்தமும் இல்லாது போயினும் ஆபாசமே.