சிறைவாசியின் வாக்குரிமை: பிரிவு 62(5) குறித்த மதிப்பீடு

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5)ஆம் பிரிவு, சிறையிலிருப்போர் வாக்களிப்பதைத் தடுக்கிறது. தடுப்புக் காவலில் உள்ளோர்க்கு மட்டும் விலக்களிக்கிறது. 1997இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தடையை ஏற்றது. பாதுகாப்பு ஏற்பாட்டுக்கான வளப் பற்றாக்குறையும், குற்றப் பின்னணியினரைத் தேர்தலிலிருந்து விலக்கும் நோக்கமும் காரணங்களாகக் காட்டப்பட்டன.

தடுப்புக் காவலில் உள்ளோர் அஞ்சல்வழி வாக்களிக்க இயலுவதால் முதற்காரணம் வலுவிழக்கிறது. இரண்டாவதும் நிலைபெறவில்லை. தண்டனை பெற்றும் பிணையில் வெளிவந்தவர் வாக்களிக்கலாம். பிணைக்கு வழியின்றிப் பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் மேலகரத்தார் ஒருவர் விசாரணைக் கைதியாக இருப்பின், அவருக்கு அவ்வுரிமை இல்லை. ஆக, பொருள்வசதியே இங்கு உரிமையை முடிவுசெய்கிறது எனலாம்.

2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சிறையிலிருந்தே போட்டியிடலாம். 2024இல் விசாரணைக் கைதியாகவே பாராமுல்லாவில் வென்ற ஷேக் அப்துல் ரஷீதுக்கும் வாக்களிக்கும் உரிமை இருக்கவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படாதோர்க்கேனும் இத்தடை நீக்கப்படுதல் வேண்டும்.