கொட்டாங்குச்சிக் குதிரை

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கைபேசியை மடித்த போர்வைமேல் வைத்துவிட்டால் சமையலறையே ஒலிக்கூடம். எண்ணெயில் அப்பளம் பொரிவதைக் கண்மூடிக் கேட்டால், ஓட்டுக்கூரையில் மழை. கொட்டாங்குச்சி இரண்டைக் கவிழ்த்து மண்தட்டில் தட்டினால் குதிரை. அது நடக்கிறதா, பாய்கிறதா என்பது மணிக்கட்டின் கையில். துணிப்பையில் கார்ன்ஃபிளார் மாவைக் கட்டி அமுக்கினால், திரைப்படங்களுக்கு ஒலி உண்டாக்கும் ஃபோலி கலைஞர்கள் செய்வதுபோலவே, பனியில் காலடி நறநறக்கும். நான் பனியை மிதித்ததே இல்லை, காது நம்பிவிடுகிறது.

பொறுமையைச் சோதிப்பது கதவுதான். கீலுக்கு எண்ணெய் போடவிடாமல் வீட்டாரிடம் மன்றாடி, ராத்திரியில் பதினோரு தடவை திறந்து மூடினேன். பத்தாவதில் தெருநாய் குரைத்தது. பதினொன்றில் கதவு மட்டும், இழுத்து இழுத்து, கிழவி எழுந்திருப்பதுபோல் முனகியது.