இத்தாலியன் வேறு, இத்தாலியச் சாயல் வேறு

உயர்தர வகுப்புக்கு ஒரு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்திருந்தேன். இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள ஒஸ்போன் மாளிகை பற்றிய பந்தி அது. அதில் வந்த 'இத்தாலியனேட்' என்ற சொல்லை எல்லாப் பிள்ளைகளும் 'இத்தாலியப் பாணி' என்றே எழுதியிருந்தார்கள். நானும் இத்தனை வருசமாக அதற்குச் சரி போட்டுத்தான் வந்திருக்கிறேன். ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அப்ப இத இத்தாலிக்காரனா கட்டின?" என்று கேட்டது. விசயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இத்தாலிக்காரன் கட்டவில்லை. 1845 தொடக்கம் 1851 வரை விக்டோரியா மகாராணிக்காக அவரது கணவர் அல்பேட்டும், தோமஸ் கியூபிட் என்ற லண்டன் கட்டடக்காரரும் சேர்ந்து எழுப்பியது. சாய்வு குறைந்த கூரை, சதுரக் கோபுரம், வட்ட வளைவு ஜன்னல் எல்லாம் இத்தாலிய மாளிகைகளை நினைவூட்டும். அவ்வளவுதான். 'இத்தாலியன்' என்பது பிறப்பைச் சொல்லும். 'இத்தாலியனேட்' ஆசையைச் சொல்லும்.

இந்தச் சொல்லுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1570இல் வெளிவந்த 'த ஸ்கூல்மாஸ்டர்' நூலில் ரோஜர் அஸ்கம், இத்தாலிக்குப் போய்ப் பழக்கவழக்கம் கெட்டுத் திரும்பும் ஆங்கிலேயனை ஏசவே இதைப் பயன்படுத்தினார். அந்த ஏச்சுச் சொல்தான் 19ஆம் நூற்றாண்டில் பணக்கார வீடுகளின் பெருமைக்குரிய பெயராயிற்று. 'பாணி' என்று நாம் எழுதும்போது இந்த வரலாறு முழுவதும் விழுங்கப்பட்டு விடுகிறது.

இன்னொன்று. சாயல் எடுக்கப்பட்ட மூலமாவது கலப்பற்றதா? வெனிஸ் நகரின் டோஜ் மாளிகையில் ரோம, லொம்பார்டிய, அரபுக் கூறுகள் சம அளவில் கலந்திருப்பதாக ஜோன் ரஸ்கின் 'வெனிஸின் கற்கள்' நூலில் எழுதினார். அளவு பற்றி வாதிடலாம். கலப்பை மறுக்க முடியாது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. ஊரில் புதிதாக ஒரு குப்பா எழும்பினால் உடனே 'அரபுக் கட்டடக்கலை' என்கிறோம். அது அரபா, அரபுச் சாயலா? இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால், கடன் வாங்கியதைப் பூர்வீகச் சொத்து என்று நம்பி, உண்மையான பூர்வீகச் சொத்தை இடித்து விடுவோம்.

ஆகவே 'இத்தாலியச் சாயல்' என்று எழுதுவோம். 'பாணி'க்கு இனி நான் முழுப்புள்ளி போடப்போவதில்லை. கேள்வி கேட்ட பிள்ளைக்குத்தான் அந்தப் புள்ளி.