கோவூர்கிழாரின் வழக்குரை

அதியமான்கோட்டை என்றதும் தகடூர் மன்னனும், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையும் நினைவில் எழுவர். பகைவனின் படைக்கொட்டிலில் நின்று, புகழ்வது போல் அவனை இடித்துரைத்தார் ஔவை. பின்னாளில் அதியமான் மறைவுக்கு அவர் பாடிய இரங்கற்பாட்டே அவர் தீங்கின்றி மீண்டதற்குச் சான்று.

எல்லாப் புலவர்க்கும் அந்நிலை வாய்க்கவில்லை. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டான்; கோவூர்கிழார் பாடி மீட்டார். புறநானூற்றின் 47ஆம் பாட்டான இதனைப் புலவர் வறுமையின் சித்திரமாகவே படித்துச் செல்கிறோம். உண்மையில் இஃது ஒரு வழக்குரை. ஐயத்துக்கு எதிரே கோவூர்கிழார் நிறுத்திய சான்று, பிறர்க்குத் தீங்கறியாத வாழ்க்கை ஒன்றே.

அச்சான்று இன்று எடுபடுகிறதா? திருச்சி மாவட்டத்தில் 1937இல் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் பழங்குடியினரின் நிலத்துக்காகவும், விசாரணை முடியாமல் சிறையில் வாடியோருக்காகவும் வாதாடியவர். மாவோயிஸ்டுத் தொடர்பு என்னும் குற்றச்சாட்டில் 2020 அக்டோபர் 8இல் கைதானார்; அதனை அவர் மறுத்தார். நடுக்குவாதத்தால் கோப்பையைப் பிடிக்க இயலாதவர், நீர் பருக உறிஞ்சுகுழல் வேண்டியும் நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 43டி(5) பிரிவோ, குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் தோன்றினாலே பிணையை மறுக்கச் சொல்கிறது. அங்கே பேசுவன காவலர் தாள்கள். வாழ்ந்த வாழ்க்கை வாய்திறக்க இடமில்லை. விசாரணை தொடங்குமுன்பே, 2021 ஜூலை 5இல், 84ஆம் வயதில், காவலில் இருந்தபடியே மறைந்தார்.

போர்க்காலத்து மன்னன் ஐயுற்றதில் வியப்பில்லை. கொல்லுமுன் செவிசாய்த்தான் என்பதே அவன் பெருமை. பிள்ளைகளுக்கு இப்பாட்டைக் கற்பிக்கையில், புலவரின் நாவன்மையோடு அதனையும் சொல்லித்தருவோமாக.