பொலிஸ் என்னும் வாசகர்

லெ பிளாங்-மெனிலில் நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் என்னோடு இரவு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், லா சப்பலில் நடந்த ஒரு கைகலப்புத் தொடர்பாகப் பொலிசாரால் கொண்டுசெல்லப்பட்டு ஒரு நாளின் பின் விடுவிக்கப்பட்டார். அவர்மேல் வழக்கு எதுவும் பதியப்படவில்லை. ஆனால் கைத்தொலைபேசியின் கடவு எண்ணைக் கேட்டிருக்கிறார்கள். அவரும் கொடுத்துவிட்டார். அதிலிருந்த ஒரு செய்திதான் அவரை அந்த இரவு முழுவதும் விழித்திருக்க வைத்தது: ‘சாமான் வந்திட்டுது, அண்ணையிட்டக் குடுத்திட்டன்.’

ஊரிலிருந்து தாயார் அனுப்பிய மிளகாய்த்தூளும் ஒடியலும்தான் சாமான். அண்ணை என்பவர் கடைக்காரர். தொலைபேசிவழி வந்த மொழிபெயர்ப்பாளர் சாமானைப் ‘பொருள்’ என்றும் அண்ணையை ‘மூத்த சகோதரர்’ என்றும் பிழையின்றியே மொழிபெயர்த்திருக்கிறார். தனக்குச் சகோதரர் எவருமில்லை என்று விசாரணையின் தொடக்கத்தில் சொன்னவர் இவர். அப்படியானால் பொய் சொன்னது ஏன்? பொருள் என்ன பொருள்?

‘சேர், நான் நம்பரைக் குடுத்தது பிழையோ?’ என்று பிறகு என்னிடம் கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் விரிவுரை மண்டபத்தில் ‘பிரதியும் வாசகரும்’ பற்றிப் பேசியவன் நான். அன்று உடனடியாகப் பதில்சொல்ல என்னால் முடியவில்லை. இக்குறிப்பு அந்தப் பதிலுக்கான முயற்சி.

முதலில் சட்டம். பிரெஞ்சுத் தண்டனைச் சட்டக்கோவையின் 434-15-2ஆம் பிரிவு, 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களின் பின், அதே ஆண்டு நவம்பரில் கொண்டுவரப்பட்டது. குற்றமொன்றுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய இரகசியக் குறியாக்கத்தை அவிழ்க்கும் திறவை அறிந்த ஒருவர், நீதித்துறை அதிகாரிகள் கோரும்போது அதனைக் கொடுக்க மறுத்தால் 3 ஆண்டுச் சிறை, 270,000 யூரோ வரை தண்டம். கொடுத்திருந்தால் ஒரு குற்றம் தவிர்க்கப்பட்டிருக்கும் என்றால் 5 ஆண்டு, 450,000 யூரோ. சட்டம் எழுதப்பட்டபோது நம் சட்டைப்பையிலுள்ள இந்தக் கருவி இருக்கவில்லை. எனவே, திரையைத் திறக்கும் நான்கு இலக்கங்கள் ‘குறியாக்கத்தின் திறவு’ ஆகுமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. வடக்கே கஞ்சா வழக்கொன்றில் பிடிபட்ட ஒருவர் தன் கடவு எண்ணைக் கொடுக்க மறுத்தார். டூவே மேன்முறையீட்டு நீதிமன்று ஒருமுறையல்ல, இருமுறை அவரை விடுவித்தது. ஆனால் 2022 நவம்பர் 7 அன்று கூர் து கசாசியோன் தன் முழு அமர்வில் டூவேயின் தீர்ப்பை நிராகரித்தது. தொலைபேசி குறியாக்க வசதி கொண்டதாக இருந்து, அந்த எண் அதனை அவிழ்க்கவும் உதவுமாயின், எண்ணைக் கொடுக்க மறுப்பது குற்றமாகலாம் என்றது.

மௌனமாயிருக்கும் உரிமை என்னவாகிறது? இதற்கான விடையை அரசியலமைப்பு மன்றம் 2018 மார்ச் 30 அன்றே கொடுத்துவிட்டது. எண்ணைக் கேட்பது வாக்குமூலம் பெறுவதற்காக அல்ல. தொலைபேசியிலுள்ள தரவுகள் ஏற்கெனவே பதிந்து கிடப்பவை. சந்தேகநபரின் விருப்பத்திற்கு அப்பால் அவை இருக்கின்றன என்பது அம்மன்றத்தின் நியாயம்.

இந்த நியாயத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்ப்போம். சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அர்த்தம் இருக்கிறதா? ‘சாமான்’ என்ற சொல் அந்த இளைஞரின் விருப்பத்திற்கு அப்பால் இருந்தது. அதன் அர்த்தம் அன்றிரவு விசாரணை அறையில் உருவாக்கப்பட்டது. எழுதியவரும் பெற்றவரும் தமக்கிடையே வைத்திருந்த உறவு, கேலி, கோபம் எதுவும் திரையில் பதிவதில்லை. வழிப்போக்கரையும் அண்ணை என்றழைக்கும் ஒரு சமூகத்தின் மொழியை, எல்லா உறவுச்சொல்லையும் பிறப்புப் பதிவாகப் படிக்கும் ஒருவர் வாசிக்கும்போது நடப்பது வாசிப்பு அல்ல, வேறோர் எழுத்து. ஒரு கவிதையைப் பிழையாக வாசித்த விமர்சகருக்கு மறு இதழில் பதிலெழுதலாம். இந்த வாசகருக்கோ தடுத்துவைக்கும் அதிகாரம் இருக்கிறது.

இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் அஹ்னாப் ஜசீமை நினைத்துக்கொள்ளட்டும். ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுதியை எழுதிய இந்த இளம் ஆசிரியர் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ் கைதுசெய்யப்பட்டார். வன்முறைக்கு எதிரான வரிகளைக் கொண்ட அந்த நூல் தீவிரவாதத்தைப் போதிப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில்தான் நீதிமன்று விடுவித்தது. அச்சிட்டு எவரும் வாங்கிப் படிக்கக்கூடிய நூலுக்கே இந்தக் கதி. தொலைபேசியில் கிடப்பதோ திருத்தப்படாத, வெளியிடப்படாத, யாருக்கோ மட்டும் எழுதப்பட்ட கைப்பிரதி.

அகதிக்கு வேறொரு கணக்கும் உண்டு. யேர்மனி 2017இல் இயற்றிய சட்டம், கடவுச்சீட்டில்லாத அகதிக் கோரிக்கையாளரின் தொலைபேசியைத் திறந்து, எந்த நாட்டு எண்களுக்கு அழைத்தார், எந்த மொழியில் எழுதினார் என்று பார்க்க வழிசெய்தது. இலகுவான வேறு வழிகளைப் பாராமல் அதை வழமையாகச் செய்தது சட்டவிரோதம் என்று அந்நாட்டின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்று 2023 பெப்ரவரியில் கூறியது. பிரித்தானியாவில் 2020இல் சிறு படகுகளில் கரையேறியவர்களின் தொலைபேசிகளை ஒட்டுமொத்தமாகப் பறித்துத் தரவுகளை எடுத்தது சட்டவிரோதம் என்று 2022 மார்ச்சில் உயர்நீதிமன்று தீர்ப்பளித்தது. இரண்டுமே நல்ல தீர்ப்புகள். ஆனால் இரண்டும் வந்தது பறித்து வாசித்த பிறகு.

2024 ஒக்டோபர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்று ஓர் எல்லையை வகுத்தது. 85 கிராம் கஞ்சா இருந்த ஒரு பொதிக்காக ஒஸ்திரிய பொலிசார் ஒருவரின் தொலைபேசியை அவருக்குத் தெரியாமலே திறக்க முயன்ற வழக்கு அது. கடுமையான குற்றங்களுக்கு மட்டும்தான் தொலைபேசிக்குள் போகலாம் என்று அந்நீதிமன்று சொல்லவில்லை. அவசர நிலை தவிர, முன்கூட்டியே ஒரு நீதிமன்றோ சுயாதீன அமைப்போ அனுமதிக்க வேண்டும் என்றது. எங்கள் இளைஞரிடம் கேட்கப்பட்டது அந்த அனுமதியோடா? அவருக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்பதும் தெரியாது.

‘ஒளிக்க ஒண்டும் இல்லாதவனுக்கு என்ன பயம்?’ லா சப்பல் தேநீர்க்கடைகளில் இதைச் சொல்பவர்கள் நம்மவர்களே. அவர்களை ஒருநாள் என்னோடு ஆர்.ஈ.ஆர். ‘பி’யில் வர அழைப்பேன். லெ பிளாங்-மெனிலுக்கு முந்திய தரிப்பு துரான்சி. 1940 ஒக்டோபரில் பாரிஸ் பகுதி யூதர்கள் பொலிஸ் நிலையங்களுக்குத் தாமாகவே சென்று பதிந்துகொண்டார்கள். ஏறத்தாழ 150,000 பேர். சட்டத்தை மதிப்பவர்கள், ஒளிக்க எதுவும் இல்லாதவர்கள். அந்தப் பதிவுகளைக் கொண்டு அந்திரே துலார் என்ற அதிகாரியின் பிரிவு பெயர், தெரு, தொழில், நாடு என நான்கு வகையில் அட்டைகளை அடுக்கியது. 1942 யூலை 16, 17இல் பிரெஞ்சுப் பொலிசார் அவற்றிலிருந்த முகவரிகளோடு கதவுகளைத் தட்டினார்கள். ஏறத்தாழ 13,000 பேரைப் பிடித்தார்கள். துரான்சி முகாமிலிருந்து போர் முடியுமுன் நாடுகடத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 63,000 பேர். இன்னொரு யூலையில், 1983இல், கொழும்பில் நம் வீடுகளைத் தேடிவந்தவர்கள் கையிலும் வாக்காளர் இடாப்புகள் இருந்ததை நாம் மறந்துவிட்டோமா? இன்றைய பிரான்ஸ் அன்றைய விஷி அரசு அல்ல. ஆயினும் தொகுத்தவரின் நோக்கத்தோடு ஒரு பட்டியல் முடிந்துவிடுவதில்லை. அது அடுத்து வருபவர் கைக்கும் போகும்.

அரசை மட்டும் சாடிவிட்டு நான் தப்பிக்கொள்ள முடியாது. நம் இயக்கங்கள் நம் கடிதங்களைப் பிரித்துப் படிக்கவில்லையா? 1994 மே 1 அன்று சபாலிங்கம் இங்கே தன் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட பின் தம் முகவரிப் புத்தகங்களை அழித்ததாக மூத்த நண்பர்கள் சிலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது பிரெஞ்சுப் பொலிசுக்குப் பயந்து அல்ல. இன்றும், மாற்றுக்கருத்துப் பேசும் கூட்டங்களுக்கு வரும் நண்பர்கள் சிலர் வீட்டிற்குப் போனதும் மனைவியின் தொலைபேசியைத் திறந்து பார்க்கிறார்கள். பொலிசாராவது சட்டப்பிரிவைச் சொல்லிக் கேட்கிறார்கள். இவர்கள் அன்பின் பெயரால் கேட்கிறார்கள். மற்றவரின் அந்தரங்கத்தை மதியாத ஒரு சமூகம் அரசிடம் தன் அந்தரங்கத்தைக் கேட்கும்போது அந்தக் குரல் பலவீனமாகத்தான் ஒலிக்கும்.

இனி அந்த இளைஞருக்கு. கொடுத்தது பிழை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மறுத்திருந்தால் சிறைவாசல் காத்திருந்தது. பிடிபட்டிருந்தது நான் அல்ல, அவர். ஆனால் அவர் கொடுத்தது தன்னுடையதை மட்டுமல்ல. அதற்குள் தாயாரின் குரல்பதிவுகள் இருந்தன, ஊரில் காணாமற்போனோருக்காக வீதியில் நிற்கும் மாமியின் படங்கள் இருந்தன, என் இரவுநேரப் புலம்பல்களும் இருந்தன. எங்கள் எவரிடமும் எவரும் கேட்கவில்லை. சட்டம் ஒரு சந்தேகநபரை மட்டும் காண்கிறது. அந்தக் கருவியிலோ ஒரு குடும்பம், ஒரு கிராமம் இருக்கிறது. தீர்ப்புகள் தொடாமல் விட்ட இடம் இதுதான் என்பது என் கருத்து.

அதுவரை செய்யக்கூடியது சிறிது. தடுப்புக்காவலில் சட்டத்தரணியைக் கேளுங்கள். அவர் வரும்வரை பேசாதிருங்கள். யாழ்ப்பாணப் பேச்சுத் தெரிந்த மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எண்ணைக் கேட்டால், யார் அனுமதித்தார்கள் என்று கேட்டு, அந்தக் கேள்வியை வாக்குமூலத்தில் எழுதச் சொல்லுங்கள். கையொப்பமிடுமுன் உங்கள் மொழியில் முழுவதையும் வாசிக்கச் செய்யுங்கள்.

அந்த இளைஞர் இப்போது தாயாருக்கு எழுதுவதில்லை. கூப்பிட்டுப் பேசிவிட்டு வைத்துவிடுகிறார். ‘எழுதினா ஆரும் வாசிப்பினம், சேர்’ என்கிறார். ஒருவர் தாய்க்கு எழுதும் கடிதத்தை நிறுத்தச்செய்யும் அளவுக்கு ஒரு வாசிப்பு பலம் பெற்றிருக்கிறது. இதை நண்பர்கள் விவாதிக்க வேண்டும்.